ஓர்பெலியன் வம்சாவளி: 1332 கல்வெட்டில் வரும் லிபாரித் யார்?

மஞ்சக்குப்பம் வாசகர்:

ஆர்மேனியாவில் சியூனிக் பகுதியை ஆண்ட ஓர்பெலியன் குடும்பத்துக்கு வம்சாவளி வரைகிறேன். கடலூர் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரே சார்ட்டாக மாட்ட வேண்டும். இரண்டு இடத்தில் இடிக்கிறது. 1211-இல் சியூனிக்கில் காலூன்றிய லிபாரித் 1220-களிலேயே இறந்துவிட்டார். ஆனால் 1332-இல் செலிம் கணவாயில் சத்திரம் கட்டிய செசார், கல்வெட்டில் தன்னை லிபாரித்தின் மகன் என்கிறார். நூறு வருஷத்துக்கு அப்புறம் மகனா? அடுத்தது, ஜார்ஜிய அரசர், அதாபேக், மங்கோலியர் என்று எஜமானர்கள் மாறிக்கொண்டே போகிறார்கள். எந்தக் காலத்தில் யாருக்குக் கீழ் என்று எப்படிக் காட்டுவது?

முத்தியால்பேட்டை:

சார், அவர்கள் இரண்டு லிபாரித். அதே கல்வெட்டில் தாத்தா பெயரும் இருக்கிறது: இவானே. பழைய லிபாரித்தின் ஐந்து மகன்களில் ஒருவர் பெயர் இவானே. ஆக லிபாரித், இவானே, லிபாரித், செசார் என்று போடுங்கள். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பேரன் என்பது நமக்குப் புதிதா என்ன!

எலிகும் விஷயத்திலும் இதே வில்லங்கம் உண்டு. 1236-இல் மங்கோலியரிடம் பணிந்தவர் ஓர் எலிகும். நோராவாங்க் மடத்தில் சிங்க உருவம் செதுக்கிய 1300-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் இன்னோர் எலிகுமுடையது. அவர் தார்சாயிச்சின் மகன், முதல் எலிகும் இவருக்குப் பெரியப்பா. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் அப்பா பெயர், தாத்தா பெயர், ஆண்டு, கல்வெட்டு உள்ள இடம் நாலையும் எழுதிவிடுங்கள்.

ஸ்தெபானோஸ் ஓர்பெலியன் 1299-இல் எழுதிய சியூனிக் வரலாறு 1860-களிலேயே புரோசேயின் மொழிபெயர்ப்பில் பிரெஞ்சுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது. ஒரு எச்சரிக்கை: ஆசிரியர் தார்சாயிச்சின் மகன், சியூனிக் பேராயர். சொந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறார். குலத்தின் வேரைத் தூரக் கிழக்கு அரச வம்சத்தில் கொண்டுபோய் வைக்கிறார். அந்தப் பகுதியைச் சார்ட்டில் ஏற்றாதீர்கள்.

கெடிலக்கரை:

எஜமானர் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம் கொடுங்கள். 1177-இல் ஜார்ஜிய அரசர் மூன்றாம் ஜியோர்ஜிக்கு எதிரான கலகம் தோற்றது. கலகத் தலைவர் இவானே ஓர்பெலியின் (மேலே சொன்ன இவானே வேறு) கண்ணைப் பிடுங்கினார்கள், குடும்பத்தில் அகப்பட்டவர்களைக் கொன்றார்கள். உதவி கேட்டு அதாபேக்கிடம் (அஜர்பைஜானை ஆண்டவர்) போயிருந்த கிளை மட்டும் தப்பியது. 1211-இல் ஜார்ஜிய அரசின் தளபதிகளான ஜக்காரியன்கள் அந்தக் கிளையை அழைத்து வந்து சியூனிக்கில் நிலம் கொடுத்தார்கள். 1236-இலிருந்து மங்கோலியர்.

சார்ட்டில் தடித்த கோடு போட வேண்டிய ஆண்டு 1251. முதல் எலிகுமின் தம்பி ஸ்ம்பாத் மங்கோலியத் தலைநகர் காரகோருமுக்கே போய் (மலைத்தொடர் காரகோரம் வேறு) மோங்கே கானிடம் தன் நிலத்துக்கு 'இஞ்ஜூ' தகுதி வாங்கினார். அதாவது அது கானின் சொந்த நிலக் கணக்கில் சேர்ந்துவிடும். நடுவில் இருந்த ஜார்ஜிய அரசருக்கும் ஜக்காரியன்களுக்கும் அங்கே பிடி போய்விட்டது. இரண்டாம் முறையும் நேரில் போய்த்தான் அதை உறுதி செய்துகொண்டார். நோராவாங்கின் பிற்காலக் கட்டடங்கள் சிலவும் செலிம் சத்திரமும் இந்தப் பாதுகாப்பில் எழுந்தவை. சத்திரத்துக்கு வெளியே பாரசீகம், உள்ளே ஆர்மேனியம். இரண்டு கல்வெட்டிலும் ஈரானை ஆண்ட மங்கோலிய (இல்கானிய) அரசர் அபூ சயீது கானின் பெயர்.

பலவீனமும் அதிலேயே இருந்தது. 1335-இல் அபூ சயீது வாரிசில்லாமல் இறந்தார், இல்கானிய அரசு உடைந்தது, இஞ்ஜூவைக் காப்பாற்ற மேலே ஆள் இல்லை. 1430-களில் பெஷ்கென் ஓர்பெலியன் அன்று ஜார்ஜியாவிடம் இருந்த லோரிக்கே திரும்பவேண்டி வந்தது.

கூட்டத்தில் புரியவைக்க நம் ஊர் உதாரணம் கையிலேயே இருக்கிறது. அதே காலத்தில் சேந்தமங்கலத்துக் காடவராயர் கோப்பெருஞ்சிங்கன், சோழனுக்கு அடங்கியவராக இருந்து சோழனையே சிறைவைத்தார். ஒய்சளர் படை வந்து மீட்ட 1231-ஆம் ஆண்டுச் செய்தியைத் திருவந்திபுரம் கல்வெட்டில் வாசிக்கலாம். பிறகு சடையவர்மன் சுந்தரபாண்டியனுக்குப் பணிந்தார்.

மஞ்சக்குப்பம் வாசகர்:

இரண்டு லிபாரித் என்றதும் சிக்கல் அவிழ்ந்தது, நன்றி. கல்வெட்டில் 1332 என்ற எண் எப்படி இருக்கும்? படத்தில் வெறும் எழுத்துகள்தான் தெரிகின்றன.

முத்தியால்பேட்டை:

எழுத்துகள்தான் எண்கள், சார். 'சா' 700, 'ட்ஸா' 80, 'அய்ப்' 1. கூட்டினால் ஆர்மேனிய ஆண்டு 781. அதோடு 551 சேர்த்தால் 1332.

ஆனால் 551 எப்போதும் சரிவராது. அந்தப் பழைய ஆர்மேனிய நாட்காட்டிக்கு 365 நாள்தான், லீப் நாள் கிடையாது. அதனால் கி.பி. 552 ஜூலை 11-இல் தொடங்கிய புத்தாண்டு நாலு வருஷத்துக்கு ஒரு நாள் முன்னதாக வந்துவிடுகிறது. 781-ஆம் ஆண்டு 1331 டிசம்பர் கடைசியில் பிறந்ததால் செலிமுக்குப் பழுதில்லை. 1200-ஆம் ஆண்டோ 1750 செப்டம்பரிலேயே பிறந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஆண்டில் வருஷக் கடைசி மாதங்களுக்கு 550 தான் கூட்ட வேண்டும்.

சென்னை ஆர்மேனியர்களின் பழைய எழுத்துகளைப் பார்க்கப் போனால் இன்னொன்றும் கவனியுங்கள். இந்தியாவுக்கு வந்த ஜுல்பா (ஈரானில் ஆர்மேனியர் குடியிருப்பு) வணிகர்களிடம் அசாரியா ஆண்டு என்ற தனிக் கணக்கு இருந்தது. அதற்கு 1615 கூட்ட வேண்டும். 'ஷாம்ஸ்', 'நாதார்' போன்ற மாதப் பெயர் கண்ணில் பட்டால் அது அசாரியா ஆண்டு.