153 மட்டும் ஆம்ஸ்ட்ராங் எண் இல்லையாம்! சி நிரலில் எங்கே தப்பு?

கேள்வி:
வணக்கம். பகலில் மருந்துக் கடையில் வேலை, மாலையில் சி நிரல்மொழி வகுப்பு. மூன்று இலக்க ஆம்ஸ்ட்ராங் எண்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எண்ணில் எத்தனை இலக்கமோ அந்த அடுக்குக்கு ஒவ்வோர் இலக்கத்தையும் உயர்த்திக் கூட்டினால் (மூன்று இலக்கம் என்றால் கனம்) அதே எண் வர வேண்டும். 100 முதல் 999 வரை லூப். ஒவ்வோர் எண்ணையும் 10ஆல் வகுத்து, மீதியாக வரும் இலக்கத்தின் கனத்தை, அடுக்கு கணக்கிடும் பவ் ஃபங்ஷன் வைத்துக் கண்டு, முழு எண்ணை மட்டும் வைக்கும் ஓர் இன்ட் வேரியபிளில் கூட்டிக்கொண்டே போகிறேன். 370, 371, 407 வருகின்றன. 153 வரவில்லை! தாளில் போட்டால் 1 + 125 + 27, சரியாக இருக்கிறது. அதே நிரல் மொபைலில் ஓடும்போது 153உம் வருகிறது, வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இல்லை. இரண்டு ராத்திரி இதிலேயே போய்விட்டது.

பதில் 1:
வகுக்க வகுக்க மூல எண் 0 ஆகிவிடும். முதலிலேயே நகல் எடுத்து வைத்தீர்களா?

கேட்டவர்:
எடுத்திருக்கிறேன். இல்லாவிட்டால் 370உம் வந்திருக்காதே.

பதில் 2:
அந்த நான்கு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். 5 இருப்பது 153இல் மட்டும்தான். பவ் தருவது டபுள், அதாவது புள்ளி வைத்த தசம எண், முழு எண் அல்ல. சில கம்பைலர்களில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) 5இன் கனம் 125க்கு மயிரிழை குறைந்து 124.999... என்று வரும். இன்ட்டில் போட்டதும் புள்ளிக்குப் பின்னால் இருப்பது அப்படியே வெட்டுப்படும். 153க்கு வரும் கூட்டுத்தொகையை அச்சடித்துப் பாருங்கள், 152 என்று இருக்கும். பவ்வை எடுத்துவிட்டு மீதி × மீதி × மீதி என்று நேராகப் பெருக்குங்கள். நான் படித்தபோதும் இதே 5தான் என்னை அலைக்கழித்தது, அதனால் சொல்கிறேன்: விடை தப்பினால் முதலில் இடையில் வரும் மதிப்புகளை அச்சடியுங்கள்.

பதில் 3:
அதே லூப்பில் கனத்தை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் கூட்டினால் ஹர்ஷத் எண்ணையும் (தன் இலக்கக் கூட்டால் மீதியின்றி வகுபடும் எண்) சோதிக்கலாம். 153இன் இலக்கக் கூட்டு 9, 153ஐ 9 மீதியின்றி வகுக்கும், ஆக அதுவும் ஹர்ஷத். இந்தப் பெயரை வைத்தவர் மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர். கப்ரேக்கர் மாறிலி எனப்படும் 6174 என்ற எண்ணால் உலகம் அறிந்தவரும் அவரே. கையாலேயே கணக்குப் போட்டு இவ்வளவையும் கண்டார் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

கேட்டவர்:
152தான் ஐயா! பெருக்கலுக்கு மாற்றியதும் நான்கும் வந்துவிட்டன. அப்புறம் இலக்கங்களை எண்ணி, அத்தனை முறை பெருக்க உள்ளே இன்னொரு லூப் போட்டேன். 9999 வரை ஓட்டியதில் 1634, 8208, 9474 வந்தன. கடைக்கு நேரமாகிவிட்டது, ஹர்ஷத்தை இரவு எழுதுகிறேன்.