கலைச்சொல் இழை: ‘கட்டமைப்பு’ என்பதற்கு மாற்றாகத் ‘தகவமைவு’

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒரு மென்பொருள் நம் இடத்தில் எப்படி இயங்க வேண்டும் என்று நாம் எழுதி வைக்கும் விவரங்களாகிய கான்ஃபிகரேஷன் என்பதற்குக் ‘கட்டமைப்பு’ என்ற சொல்லே பழகிவிட்டிருக்க, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று சென்ற மடலில் மூத்த அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு மாதத்திற்கு முன்புவரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஓப்பன்சிமுலேட்டர் என்னும் திறமூல மென்பொருளைக் கொண்டு, தமிழ் வகுப்புப் பிள்ளைகள் உலவுவதற்கான சிறிய மெய்நிகர் உலகம் ஒன்றைத் சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள என் வீட்டுக் கணினிகள் இரண்டில் நடத்தி வருகிறேன். ஒன்றில் ‘ரோபஸ்ட்’ எனப்படும் மைய வழங்கி (சர்வர்) ஓடுகிறது. பயனர் கணக்குகளும் நிலப்பகுதிகளின் பதிவும் அதன் பொறுப்பு. மற்றதில் நிலப்பகுதிகளை இயக்கும் வழங்கி உள்ளது. மூலநிரலைப் புதிதாக இறக்கி நானே கட்டியபோது, அதாவது அதை இயங்கும் நிரலாக மாற்றியபோது, பிழை ஒன்றுமில்லை என்றே வேலை முடிந்தது. ஆயினும் நிலப்பகுதி வழங்கி மைய வழங்கியை அடைய முடியாமல் நின்றுவிட்டது. உட்லண்ட்ஸில் இருக்கும் நண்பரை அழைத்துக் ‘கட்டமைப்பில் கோளாறு’ என்றேன். கட்டியதில்தான் கோளாறு என்று அவர் புரிந்துகொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னார். நள்ளிரவு தாண்டும்வரை மூன்று முறை கட்டினோம்.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. இம்மென்பொருளுடன் ‘எக்சாம்பிள்’ என்று பெயர் முடியும் மாதிரிக் கோப்புகள் வருகின்றன. அவற்றைப் படியெடுத்து, பெயர் மாற்றி, நம் இடத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். மாதிரியில் முகவரி 127.0.0.1 என்றிருக்கும். ‘இதே கணினி’ என்பது அந்த எண்ணின் பொருள் என்பதால், எல்லாம் ஒரே கணினியில் இருக்கும்வரை அது சரியாகவே வேலை செய்யும். நானோ புதிய மாதிரியை, முன்பு திருத்தி வைத்திருந்த கோப்பின்மேல் படியெடுத்துவிட்டேன். அதனால் இரண்டாம் கணினி, மைய வழங்கியைத் தன்னுடைய 8003ஆம் துறையிலேயே (போர்ட்) தேடிக்கொண்டிருந்தது. சரியான முகவரியை இட்டவுடன் இணைந்துவிட்டது. நாம் திருத்தும் கோப்பை மறுகட்டுதல் தொடுவதே இல்லை; ஆகவே முப்பது முறை கட்டியிருந்தாலும் பயன் இருந்திராது.

‘கட்டு’ என்னும் வினை பில்டு என்பதற்கு மிக இயல்பாகப் பொருந்திவிட்டது. அதே வேரில் பிறந்த சொல்லைக் கான்ஃபிகரேஷனுக்கும் கொடுத்தால், கோளாறு தேடுகிறவர் முதல் அடியிலேயே வழி தவறுகிறார். புழக்கத்தில் உள்ள ‘உள்ளமைவு’ உள்ளே இருப்பதைச் சொல்கிறதே தவிர, நிரலுக்கு வெளியே நாம் எழுதி வைப்பதைச் சொல்லவில்லை. ‘அமைவடிவம்’ என்பதிலிருந்து ஒரு வினையை ஆக்குவது கடினம்.

ஆகவே ‘தகவமைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். கட்டி முடித்த நிரல் என் வீட்டிலும் உட்லண்ட்ஸிலும் ஒன்றே. முகவரியும் துறை எண்ணும் தரவுதளக் கடவுச்சொல்லும்தான் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இடத்துக்குத் தக அமைப்பது என்ற பொருள் இச்சொல்லிலேயே இருக்கிறது. ‘தகவமை’ என்று வினையாகும். ‘தகவமைவுக் கோப்பு’, ‘தகவமைவுப் பிழை’ என்று தடையின்றிக் கூடும்.

உயிரினங்கள் சூழலுக்கு ஏற்ப அமைவதைக் குறிக்க உயிரியலில் ‘தகவமைப்பு’ என்னும் சொல் ஏற்கெனவே இருப்பதைச் சகோதரி ஒருவர் சுட்டிக்காட்டினார். மறுப்புகளில் வலுவானது இதுவே. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால் இங்குள்ள பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள். தமிழகத்தில் தமிழில் அறிவியல் படித்தவர்கள் சற்றுத் தயங்கக்கூடும். எனினும் ஈற்றில் உள்ள ‘பு’, ‘வு’ வேறுபாடும் சொல் வரும் சூழலும் போதும் என்பது என் கருத்து. சொல் நீளம் என்ற குறையை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. ‘பெருவிரைவு ரயில்’ என்று இங்கே நாள்தோறும் எழுதுகிறோம், வாசிக்கிறோம்.

டிரபிள்ஷூட்டிங் என்பதற்குக் ‘கோளாறு களைதல்’ போதும். ஒரே மைய வழங்கியின்கீழ் இணைந்த நிலப்பகுதிகளின் தொகுதியைக் குறிக்கும் கிரிட் என்பதை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம்.

திருத்திய கோப்பின்மேல் மாதிரியைப் படியெடுத்த என் தவறு பிறருக்கும் நேராதிருக்க, நிறுவல் கையேட்டின் வரைவில் ‘மறுபடி கட்டுமுன் தகவமைவுக் கோப்புகளைத் தனியே படியெடுத்து வைக்கவும்’ என்ற வரியைச் சேர்த்திருக்கிறேன். அதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்து, விளக்கம் ஏதும் சொல்லாமல், என்ன புரிந்தது என்று கேட்டு எழுதுங்கள்.