குறுஞ்சுற்று வலுவா, குறுஞ்சுற்றுத் திட்பமா?

வெள்ளவத்தையிலிருந்து:

அன்புடையீர், மின் தொழினுட்பவியலாளருக்கான தமிழ்க் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் முடிவாகவில்லை. வலையமைப்பின் ஓரிடத்தில் கம்பிகள் நேரே தொட்டுக்கொண்டு குறுஞ்சுற்று (short circuit) நேர்ந்தால் அங்கே எவ்வளவு ஓட்டம் பாயக்கூடும் என்பதைக் கொண்டு அவ்விடத்தின் உறுதியை அளக்கிறோம் அல்லவா, அந்த உறுதிக்கு என்ன பெயர்? 33 கிலோவோல்ற்றில் 25 கிலோஅம்பியர் என்றால், மூன்றின் வர்க்கமூலத்தாலும் பெருக்க, ஏறத்தாழ 1,430 மெகாவோல்ற்று அம்பியர் வருகிறது. இப்போதைக்குக் 'குறுஞ்சுற்று வலு' என்று எழுதியிருக்கிறேன். தீவிபத்துச் செய்திகளில் வரும் 'மின்னொழுக்கு' உதவாது. ஒழுக்கு வேறு, குறுஞ்சுற்று வேறு.

மறுமொழி, கொட்டாஞ்சேனையிலிருந்து:

ஐயா, 'வலு' வேண்டாம். நம் பாடநூல்களில் வலு என்பது ஒரு செக்கனில் நடக்கும் வேலை. தாங்கள் காட்டிய 1,430 எங்கும் பாய்வதில்லை. குறுஞ்சுற்றுக்கு முன்பிருந்த வோல்ற்றளவையும் அதன்போது பாயும் ஓட்டத்தையும் பெருக்கிய கணக்கு அது, இரண்டும் ஒரே கணத்தில் அங்கே இருப்பதில்லை. நுண் நுட்பமாகும், ஒண் ஒட்பமாகும், தண் தட்பமாகும். அவ்வாறே திண் திட்பமாகும். வினைத்திட்பத்தை மனத்திட்பம் என்றார் வள்ளுவர். எது வந்து தாக்கினும் வோல்ற்றளவு தளராமல் நிற்பதே இங்கு பொருளாதலின் 'குறுஞ்சுற்றுத் திட்பம்' என்பேன். சுழலும் மின்பிறப்பாக்கி தன் வீத ஓட்டத்தைப் போல, அதாவது தொடர்ந்து தரவல்லதாகக் குறிக்கப்பட்ட ஓட்டத்தைப் போல, பன்மடங்கைக் குறுஞ்சுற்றுக்குத் தரும். சூரியமின்னை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டரோ தன் வீத ஓட்டத்தைச் சற்றே தாண்டியதும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடே இருண்டபோது எல்லோரும் சடத்துவம் பற்றியே, அதாவது சுழலும் பொறிகள் தம் வேகம் சட்டென மாறவிடாத தன்மை பற்றியே, பேசினார்கள். சுழலும் பொறிகள் குறைந்தால் சடத்துவத்தோடு திட்பமும் குறையும் என்பதை நம் பிள்ளைகள் தமிழிலேயே அறிய வேண்டும்.

மறுமொழி, பம்பலப்பிட்டியிலிருந்து:

ஐயா சொன்ன இலக்கணம் சரி. ஆயினும் அது ஒரு பக்கத்தையே காட்டுகிறது. இன்வேட்டரை இணைப்பவருக்கு அந்த எண் பெரிதாக இருப்பது நன்மை. அதை இணைக்கும் நிலையத்தின் மெகாவாற்றால் வகுத்து, 3 இற்குக் கீழே வந்தால் நலிந்த இடம் என்கிறோம். சுற்றுடைப்பானைத் தெரிபவருக்கோ அதே எண் எச்சரிக்கை: உடைப்பானின் கொள்ளளவை அது மீறினால் ஓட்டத்தைத் துண்டிக்க முடியாமல் உடைப்பானே சிதறலாம். திட்பம் என்ற சொல்லில் இந்த ஆபத்து தெரியவில்லை. வழு என்றால் பிழை, இங்கே மின்பழுது (fault); ஆகவே 'வழுமட்டம்' என்றால் படித்த உடனே விளங்கும். வழுவும் வழுவமைதியும் நன்னூல் படித்த எவருக்கும் புதியனவல்ல.

மறுமொழி, கொட்டாஞ்சேனையிலிருந்து:

அம்மையீர், வழுவையும் வலுவையும் ஒரே பாடத்தில் வாயால் சொல்லிப் பாருங்கள். ழகரம் தேய்ந்துவிட்ட வகுப்பில் இரண்டும் குழம்பும்.

மறுமொழி, வெள்ளவத்தையிலிருந்து:

'வலு'வைக் கைவிட்டேன். அத்தியாயத்தில் 'குறுஞ்சுற்றுத் திட்பம்' என்றும், சுற்றுடைப்பான் அட்டவணையில் 'வழுமட்டம்' என்றும் போடுகிறேன். கைந்நூற் குழுவின் மற்ற நால்வரும் இதற்கு இணங்கியுள்ளனர்.

மறுமொழி, கொட்டாஞ்சேனையிலிருந்து:

அச்சைத் தடுக்கமாட்டேன். ஆனால் ஒரே எண்ணுக்கு இரு பெயர் இட்டதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பின்போது இதே கேள்வியை மீண்டும் எழுப்புவேன்.