உதவி: டக்ஸ் பென்குயினின் வெள்ளை வயிறு வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது

உறையூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு பெங்களூரில் சர்வர் பராமரிக்கும் வேலை. லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளம் என்றால் அவனுக்கு உயிர். பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது கையில் கொடுக்கலாம் என்று லினக்ஸின் சின்னமான பென்குயின் டக்ஸை அமிகுருமி (கொக்கி ஊசியால் நூலில் பின்னிப் பஞ்சு அடைக்கும்) பொம்மையாகப் பின்னிக்கொண்டிருக்கிறேன். தலை நன்றாக வந்துவிட்டது. உடம்பில்தான் சிக்கல்.

மேஜிக் ரிங்கில் (இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும் தொடக்க வளையம்) 6 தையல் போட்டு, சுற்றுக்கு 6 கூட்டி, 36 வந்ததும் கூட்டுவதை நிறுத்தினேன். அதற்கு மேல் சுற்றுக்கு 12 வெள்ளை, 24 கறுப்பு. எல்லாம் கொக்கி ஊசிப் பின்னலின் அடிப்படைத் தையலான சிங்கிள் க்ரோஷேதான். சுற்று தொடங்கும் இடத்தில் ஊக்கு மாட்டி எண்ணிக்கொண்டே வருகிறேன், ஒரு தையல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனாலும் வெள்ளைப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்கிறது. இப்போது பொம்மையை நேராக வைத்துப் பார்த்தால் வயிறு விலாப்பக்கம் ஏறி நிற்கிறது.

இன்னொன்று, பஞ்சு அடைத்துப் பார்த்தபோது கறுப்புத் தையல்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிகிறது. நூல் 4 ப்ளை அக்ரிலிக், ஊசி 4 மி.மீ. மொத்தத்தையும் பிரிக்க வேண்டுமா, இப்படியே சரிசெய்ய வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொக்கிஊசி:

கண்ணு, எண்ணிக்கை சரின்னு நீங்க சொல்றதை அப்படியே நம்பறேன். இது எண்ணிக்கையில வர்ற கோளாறு இல்லீங்க. சிங்கிள் க்ரோஷே தையலோட அமைப்பே அப்படி. தையலோட தலை அதன் காலுக்கு நேர் மேல உட்காராது, வலது கைக்காரங்களுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளித்தான் உட்காரும். அடுத்த சுற்று அந்தத் தலையில ஏறுது, அதுவும் இன்னும் கொஞ்சம் தள்ளும். திருப்பாம ஒரே திசையில சுத்திச் சுத்திப் பின்றதால சாய்வு சேர்ந்துகிட்டே போகுது. இடது கையில பின்றவங்களுக்கு இதே சாய்வு இடப்பக்கம் வரும். ஒரே நிறத்துல பின்னினா யாருக்கும் தெரியாது, ரெண்டு நிறம் வந்ததும் பட்டுன்னு தெரியும்.

இப்ப ஊசியில நூலை எப்படி எடுக்கறீங்கன்னு கவனிச்சுப் பாருங்க. தையலுக்குள்ள ஊசியை விட்டதும், நூலை ஊசிக்கு மேல சுத்தி இழுக்கறீங்களா? அப்படின்னா தையல் பார்க்க வி மாதிரி இருக்கும். அதுக்குப் பதிலா, அந்த முதல் இழுப்பு மட்டும், நூல் மேல ஊசிக் கொக்கியை வெச்சு அழுத்திக் கீழிருந்து கொத்தி இழுங்க. ரெண்டாவது இழுப்பு வழக்கம்போலத்தான். தையல் பெருக்கல் குறி மாதிரி குறுக்கா விழும். இதுல சாய்வு ரொம்பக் குறைஞ்சிடும், தையலும் இறுகி நிற்கும். ஆனா பொம்மை ஒரு சுத்துச் சின்னதா வரும். தலையை ஏற்கனவே பின்னிட்டதால உடம்போட அளவைத் தலையோட வெச்சுப் பார்த்துக்கங்க.

பஞ்சு தெரியறதுக்குக் காரணம் ஊசி. 4 மி.மீ. ஊசி ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் சரி, பொம்மைக்குப் பெரிசு. அதே நூலுக்கு 3 இல்லாட்டி 2.5 மி.மீ. எடுங்க. மி.மீ. போடாம வெறும் நம்பர் போட்ட பழைய ஸ்டீல் ஊசி வீட்டுல இருந்தா, நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கங்க. கறுப்பு உடம்புக்குள்ள ஒரு பழைய கறுப்பு சாக்ஸை வெட்டிப் போட்டு, அதுக்குள்ள பஞ்சு அடைச்சா ஒரு புள்ளிகூடத் தெரியாது. பஞ்சும் பாலியஸ்டர் பஞ்சா இருக்கட்டும். இலவம் பஞ்சு ஓட்டை வழியா பறந்து வந்துகிட்டே இருக்கும், தண்ணி பட்டா கட்டி கட்டியாயிடும்.

யாழ்நங்கை:

அக்கா சொன்னது சரி. நான் வேற ஒரு வழி சொல்லுறன். உடம்பு முழுக்கக் கறுப்பிலேயே பின்னிப்போட்டு, வயிற்றுக்கு வெள்ளையில தனியா ஒரு நீள்வட்டம் பின்னித் தைச்சு விடுங்கோ. கொஞ்சச் செயின் (சங்கிலித் தையல்) போட்டு, அதின்ர இரண்டு பக்கமும் சுத்திப் பின்னி, இரண்டு முனையிலும் மட்டும் தையல் கூட்டினால் நீள்வட்டம் வந்திடும். நிறம் மாத்துற வேலையே இல்லை. டக்ஸின்ர வயிறு பெரிசு, கிட்டத்தட்ட முன்பக்கம் முழுக்க வெள்ளைதான், அதால ஒட்டு வைச்சது போலத் தெரியாது.

கண்ணுக்கு பிளாஸ்டிக் சேஃப்டி ஐ போடுறீங்களோ? தலையை மூடுறதுக்கு முன்னமே பின்பக்க வில்லையை அழுத்திப் பூட்ட வேணும், பிறகு ஏலாது. வீட்டில மூன்று வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தால் அது வேண்டாம், நூலாலேயே கண் தைச்சு விடுங்கோ.

இன்னொன்றையும் பாருங்கோ. நீங்கள் பார்த்துப் பின்னுற குறிப்பு அமெரிக்க முறையோ, பிரிட்டிஷ் முறையோ? அமெரிக்கக் குறிப்பில சிங்கிள் க்ரோஷே எண்டுறதை பிரிட்டிஷ் குறிப்பில டபுள் க்ரோஷே எண்டு எழுதுவினம். எங்கட அம்மம்மா ஆக்கள் பழகினது பிரிட்டிஷ் முறை. இப்ப வாற பொம்மைக் குறிப்புகள் கனக்க அமெரிக்க முறையில இருக்கு. இரண்டையும் கலந்தால் தையலின்ர உயரமே மாறிப்போகும்.

உறையூர்க்காரி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. என் குறிப்பு அமெரிக்க முறைதான், அதில் குழப்பம் இல்லை. நூலை மேலே சுற்றித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னபடி 3 மி.மீ. ஊசியில் சின்னதாக ஒரு குழாய் பின்னிப் பார்த்தேன், நான்கு தையல் வெள்ளை, மீதி கறுப்பு. வெள்ளைக் கோடு கிட்டத்தட்ட நேராக ஏறுகிறது! வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் ஓட்டை தெரியவில்லை.

வயிற்றைத் தனியாகத் தைப்பது சுலபம்தான், ஆனால் தம்பி எதையும் பிரித்து ஆராய்கிற ஆள், ஒரே பின்னலாக இருந்தால் அவனுக்குப் பிடிக்கும். அதனால் உடம்பைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறேன். நிறம் மாறும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தையலின் தலையில் கறுப்பு ஏறி நிற்கிறது. அதற்கு என்ன செய்வது?

கொக்கிஊசி:

நிறம் மாத்தறதை ஒரு தையல் முன்னாடியே ஆரம்பிக்கணும். கடைசிக் கறுப்புத் தையல்ல ரெண்டு லூப் ஊசியில நிற்கும்போது, அந்தக் கடைசி இழுப்பை வெள்ளை நூலால இழுங்க. அப்பத்தான் அடுத்த தையலோட தலை முழுசா வெள்ளையா இருக்கும். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும்போதும் இதேதான்.

வேலை இல்லாத நூலைத் தையலுக்குள்ள சேர்த்துப் பின்ன வேண்டாம், கறுப்பு நூல் வெள்ளை வயித்துக்குள்ள நிழலாத் தெரியும். உள்பக்கமாத் தளர்வா விட்டுட்டுப் போங்க, எப்படியும் பஞ்சுக்குள்ள மறைஞ்சிடும். இறுக்கி இழுத்தீங்கன்னா வயிறு சுருங்கிப்போகும்.

அப்படியும் கொஞ்சம் சாய்ஞ்சா, சாய்வு கண்ணுக்குத் தெரியற சுற்றுல வெள்ளையை ஒரு தையல் தள்ளி ஆரம்பிச்சு, ஒரு தையல் தள்ளி முடிங்க. நாம வலமிருந்து இடமாப் பின்றதால, ஒரு தையல் தள்ளினா வயிறு இடப்பக்கம் வந்திடும்.

மேல கழுத்துக்குக் குறைக்கும்போது ரெண்டு தையலோட முன் லூப்பை மட்டும் சேர்த்தெடுத்துக் குறைங்க. ரெண்டு லூப்பையும் எடுத்தா அந்த இடத்துல முண்டும் ஓட்டையும் விழும். கறுப்பு நூலைப் பகல் வெளிச்சத்துல, மடியில வெள்ளைத் துண்டு விரிச்சுக்கிட்டுப் பின்னுங்க. தையல் தெளிவாத் தெரியும், கண்ணும் வலிக்காது.

உறையூர்க்காரி:

இதுதான் தேவைப்பட்டது அக்கா. கூடவே ஒரு கேள்வி. என் அக்கா கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்கு ஹைபர்போலிக் தளம் (எங்கும் குதிரைச் சேணம்போல் வளையும் கணிதப் பரப்பு) பின்னித் தரலாம் என்று ஆசை. பவளப்பாறை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்குமே, அது. எத்தனை தையலுக்கு ஒருமுறை கூட்டுவது, நூல் எவ்வளவு பிடிக்கும்?

கணக்குவாத்தியார்:

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன் அம்மா. க்ரோஷே பின்னுவது என் மனைவி, கணக்குப் போடுவது நான்.

நீங்கள் பொம்மைக்குச் சுற்றுக்கு 6 கூட்டுகிறீர்கள் அல்லவா? ஏன் 6 என்றால், சிங்கிள் க்ரோஷேயின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஒரு சுற்று வெளியே போனால் வட்டத்தின் சுற்றளவு உயரத்தைப்போல் 2 பை (π) மடங்கு, அதாவது 6.28 மடங்கு கூடவேண்டும். அதைத்தான் 6 என்று வைத்திருக்கிறார்கள். அப்படிக் கூட்டினால் தட்டையான வட்டம் வரும். அதற்குக் குறைந்தால் கிண்ணம். ஹைபர்போலிக் தளத்தில் இத்தனை தையல் என்று கூட்டக்கூடாது, ஒரே விகிதத்தில் கூட்டவேண்டும். ஐந்து தையலுக்கு ஒரு தையல் கூடுதல் என்றால் கடைசி வரிசை வரைக்கும் அதேதான். வளைவு எங்கும் ஒரே அளவாக இருப்பது அந்த விகிதத்தால்தான். நடுவில் விகிதத்தை மாற்றினாலும் அழகான மடிப்பு வரும், ஆனால் கணித ஆசிரியைக்குக் கொடுப்பதாயிற்றே, சரியாக இருக்கட்டும்.

20 செயினில் தொடங்கி ஐந்துக்கு ஒன்று கூட்டினால் ஒவ்வொரு வரிசையும் 1.2 மடங்காகும். பத்தாம் வரிசையில் சுமார் 124 தையல், இருபதாம் வரிசையில் சுமார் 767. மொத்தம் 4,500 தையல், அதில் ஆறில் ஒரு பங்கைக் கடைசி வரிசை ஒன்றே விழுங்கிவிடும். உங்கள் ஊசியில் பத்துத் தையல் பின்னிப் பிரித்து, நூலை ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். தையலுக்கு 4 செ.மீ. என்று வந்தால் 180 மீட்டர் வேண்டும். விகிதத்தை இரண்டுக்கு ஒன்று என்று வைத்தால் மடிப்பு சீக்கிரம் தெரியும், ஆனால் நூல் தாங்காது.

இதை முதலில் பின்னியவர் லாட்வியாவிலிருந்து வந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டைனா டைமினா. 1997-ல். அதற்கு முன் கணிதவியலாளர் வில்லியம் தர்ஸ்டன் சொன்ன முறையில் காகித வளையங்களை ஒட்டித்தான் வகுப்பில் காட்டுவார்கள், கை பட்டால் கிழிந்துவிடும். நூலில் பின்னியதைக் கசக்கலாம், மடிக்கலாம். பின்னலை மடித்தால் வரும் மடிப்புதான் அந்தத் தளத்தின் நேர்கோடு. அந்த மடிப்பின் மேல் வேறு நிற நூலால் ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளியைக் குறித்து, அதன் வழியாக முதல் கோட்டை வெட்டாத இன்னும் மூன்று கோடுகளை மடித்துத் தைத்துக் கொடுங்கள். ஒரு புள்ளி வழியே ஒரே ஒரு இணைகோடுதான் உண்டு என்ற யூக்ளிடின் இணைகோட்டு விதி அங்கே எப்படிப் பொய்க்கிறது என்பதை உங்கள் அக்கா மாணவர்கள் கையிலேயே கொடுத்துக் காட்டலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பரிசு ஒரு கணித ஆசிரியைக்குக் கிடையாது.

நூல் மென்மையாக இருந்தால் தொங்கிப்போகும். விறைப்பான அக்ரிலிக், சின்ன ஊசி, இறுக்கமான தையல்.

உறையூர்க்காரி:

சார், இதைப் படித்ததும் 20 செயின் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறாவது வரிசையிலேயே ஓரம் அலை அடிக்கிறது!

பென்குயின் உடம்பு முடிந்தது. வயிறு நேராக நடுவில் நிற்கிறது. மூக்குக்கும் காலுக்கும் வாங்கிய மஞ்சள் நூல் மீதி இருக்கிறது. அதில் கழுத்துக்கு ஒரு மஃப்ளர் பின்னி, தம்பியை வீட்டில் கூப்பிடும் மணி என்ற பெயரைக் கம்ப்யூட்டர் மொழியில் 0, 1 ஆகப் பொறிக்க முடியுமா? கழுத்து 24 தையல்.

கணக்குவாத்தியார்:

தாராளமாக. எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு 2944 முதல் 3071 வரை இடம். ம 2990, ண 2979, இகரக் குறி தனியாக 3007. 'ணி' என்பது அங்கே இரண்டு குறியீடு, ஆகப் பெயருக்கு மூன்று. ஒவ்வொன்றையும் 16 பிட்டாக (0 அல்லது 1 என்ற இலக்கமாக) எழுதினால்:

0000 1011 1010 1110
0000 1011 1010 0011
0000 1011 1011 1111

மொத்தம் 48. 0 என்றால் கறுப்பு, 1 என்றால் மஞ்சள்.

கொக்கிஊசி:

அதை வரிசைக்கு ஒரு பிட்டா வெச்சுக்கங்க. நாலு தையல் அகலம், 48 வரிசை. ஒரு வரிசை முழுக்க ஒரே நிறம்தான், அதனால திரும்பி வரும்போது எழுத்து தலைகீழாகுமோன்னு யோசிக்கவே வேண்டாம். ரெண்டு நூலையும் வெட்டாம, வேலை இல்லாத நூலை இங்க மட்டும் தையலுக்குள்ள வெச்சு ஒவ்வொரு வரிசையிலயும் கூடவே கொண்டு போங்க, இல்லாட்டி ஒத்தை வரிசைக்கு அப்புறம் அது எதிர் ஓரத்துல நின்னுடும். ஓரத்துல நூல் ஏறினது தெரிஞ்சா, முடிச்சதும் மஞ்சள்ல சுத்தி ஒரு வரிசை போட்டு மறைச்சிடலாம். கழுத்து 24 தையல்னா 48 வரிசை அதுக்கு ரெண்டு மடங்கு நீளம் வரும், ஒரு சுத்துச் சுத்தி முடிச்சுப் போடச் சரியா இருக்கும்.

ஆரம்பிச்ச முனை எதுன்னு தம்பிக்குத் தெரியணுமே, அந்த முனையில மட்டும் ஒரு சின்னக் குஞ்சம் கட்டி விடுங்க.