ஹை-ரெஸ் இசை வீட்டில் கூடுதலாக என்ன தருகிறது? எங்கள் கூடத்தில் செய்து பார்த்த சோதனை

கும்பகோணத்திலிருந்து:

சென்ற தை மாதம் திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்னக் கீர்த்தனைகளைக் கேட்டுத் திரும்பிய கையோடு, அந்த நிறைவு வீட்டிலும் வேண்டும் என்ற ஆசையில், ஹை-ரெஸ் இசையை, அதாவது குறுந்தகட்டைவிட நுணுக்கமாகப் பதிந்த ஒலியை, 24 பிட் (ஒவ்வோர் அளவீட்டின் நுணுக்கம்) 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,92,000 அளவீடுகள்) வரை தரும் ஸ்ட்ரீமிங் சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டி, டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்குறிப்பாக மாற்றும் டிஏசி கருவி ஒன்றும் வாங்கி, பழைய ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தேன். வயலினில் வில் உரசுவதுகூடத் தனியாகக் கேட்கிறது என்று முதல் இரவே வீட்டில் அனைவரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். என் மகன் மட்டும் நம்பவில்லை. "எது ஓடுகிறது என்று பார்க்காமல் சொல்லுங்கள் அப்பா" என்றான்.

பூவா தலையா போட்டு, பூ விழுந்தால் புதிய சேவை, தலை விழுந்தால் நொடிக்கு 320 கிலோபிட் அளவுக்குச் சுருக்கித் தரும் பழைய சேவை என்று அவன் மாற்றி மாற்றி ஓடவிட, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து விடை சொன்னேன். 10 முறையில் 9 முறை சரியாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனோ கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்து, புதிய சேவை ஏறத்தாழ 2 டெசிபல் உரக்க ஒலிப்பதைக் காட்டினான். பழைய செயலியில், எல்லாப் பாடல்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சற்றே உரத்த ஒலியைக் காது 'உரத்தது' என்று அறியாமல் 'தெளிவானது' என்றே எடுத்துக்கொள்ளும். அந்த அமைப்பை நிறுத்தி, இரண்டையும் ஒரே அளவில் வைத்து, அதே பதிவை 20 முறை கேட்டதில் 11 விடைகள்தாம் சரி. அது நாணயமே சொல்லியிருக்கக்கூடிய கணக்கு.

பிறகுதான் படித்துப் பார்த்தேன். குறுந்தகட்டின் 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே, அதில் பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரையான ஒலியைத் தாங்கும். இளங்காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்னும்போது, ஐம்பதைத் தாண்டிய என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 16 பிட் தரும் 96 டெசிபல் வீச்சின் (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) அடிப்பகுதியை எங்கள் கூடத்து மின்விசிறியே விழுங்கிவிடுகிறது. எனினும் வேறுபாடு அறவே இல்லை என்றும் அடித்துச் சொல்வதற்கில்லை: லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 2016-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 12,000-க்கும் மேற்பட்ட சோதனைகளில் சரியான விடை 52.3 விழுக்காடாகவும், பயிற்சி பெற்றவர்களிடம் 60 விழுக்காட்டை ஒட்டியும் இருந்திருக்கிறது. நான் பயிற்சி பெற்றவன் அல்லன்.

எங்கள் வீட்டில் உண்மையான மாற்றத்தைத் தந்தது இடம்தான். கைதட்டினால் திருப்பித் தட்டும் சிவப்பு சிமெண்டுத் தரை; அதில் ஒரு கனத்த ஜமக்காளத்தை விரித்தோம். மூலையில் ஒட்டிக் கிடந்த ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தினோம். அதுவரை கூடமெங்கும் முழங்கிக் குழம்பிய மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்), அடிக்கு அடி தனித்துக் கேட்டது. இதற்குச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருக்கவில்லை.

மன்னார்குடியிலிருந்து:

கும்பகோணத்து ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த 78 சுற்று இசைத்தட்டு ஒன்று எங்கள் தாத்தா வைத்துவிட்டுப் போனது. அதை நண்பர் ஒருவர் நல்ல ஊசி வைத்து 24 பிட்டில் மாற்றிக் கொடுத்தார். என்னிடம் முன்பே இருந்த எம்பி3-ஐவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதே கோப்பை நானே 16 பிட் 44.1-க்குக் குறைத்து ஓடவிட்டபோது எனக்கும் அவருக்கும் வேறுபாடு பிடிபடவில்லை. அந்தக் காலத் தட்டில் பதிவாகாத ஒலியை எந்தப் பிட்டும் கொண்டுவந்து சேர்க்காது. தட்டின் கரகரப்புதான் கூடுதல் துல்லியத்தோடு வந்தது! மேன்மைக்குக் காரணம் மாற்றியவரின் கைப்பக்குவம்.

மயிலாடுதுறையிலிருந்து:

நான் ஏறத்தாழ ஓராண்டு ஹை-ரெஸ் சந்தா கட்டி, அதை ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். ப்ளூடூத் வழியில் ஒலி மறுபடியும் சுருக்கப்பட்டே போகிறது என்பதை இப்பகுதியைப் படித்த பின்னரே அறிந்தேன். சேவை அனுப்பியது எதுவாயினும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்ந்தது சுருங்கியதுதான். இன்னொன்று: 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, சுருக்காத நிலையில் மணிக்கு 4 ஜிபியைத் தாண்டும், ஒலி எதையும் இழக்காத லாஸ்லெஸ் முறையில் சுருக்கினாலும் அதில் பாதியளவாவது ஆகும். ஐப்பசி மழையில் மின்சாரம் போய் வீட்டு இணையமும் நின்ற ஒரு மாலையில் கைபேசித் தரவில் கச்சேரி ஒன்றைப் போட்டேன். ராகம் தானம் முடிந்து பல்லவி எடுப்பதற்குள் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துவிட்டது.