48 வோல்ட் சைக்கிள் பேட்டரி: எக்ஸ்டி60 கனெக்டர் ஒரு பக்கம் மட்டும் உருகுகிறது

சங்கிலிப்பல்:
எலெக்ட்ரிக் சைக்கிள், 48 வோல்ட், 13 சீரிஸ் (தொடராகக் கோத்த) 18650 உருளை செல் பேக். மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலர் அதிகபட்சம் 18 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே உள்ள மஞ்சள் எக்ஸ்டி60 கனெக்டரில் பிளஸ் பக்கம் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகிவிட்டது. மைனஸ் பக்கம் புதிது மாதிரியே இருக்கிறது. மேட்டில் ஏறும்போது சப்ளை நின்று நின்று வருகிறது. ஒயர் 14 கேஜ் சிலிகான். இதைவிடப் பெரிய எக்ஸ்டி90க்கு மாறினால் சரியாகிவிடுமா? கையில் இருப்பது 25 வாட் சால்டரிங் அயர்ன், போதுமா? மாட்டும்போதெல்லாம் பட்டென்று பொறி வருகிறது, அதனால்தான் உருகியதா?

ஈயக்கம்பி:
ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கிறது பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. பிளஸ்ஸிலும் மைனஸ்ஸிலும் ஓடுவது ஒரே கரண்ட்தான். கனெக்டர் தாங்கவில்லை என்றால் இரண்டுமே சுட்டிருக்கும். உங்களுடையதில் பிளஸ் குழியில் (ஒயரை வைத்துப் பத்த வைக்கும் இடம்) ஈயம் ஒழுங்காகப் பிடிக்கவில்லை, அல்லது பின் (உலோக முள்) தளர்ந்துபோயிருக்கிறது. அந்த இடத்தில் வெறும் 10 மில்லி ஓம் இருந்தாலே 18 ஆம்பியருக்கு 3 வாட்டுக்கு மேல் சூடு வரும். அவ்வளவு சின்ன இடத்தில் நைலான் இளக அது போதும்.

18 ஆம்பியருக்கு எக்ஸ்டி60 தாராளம். எக்ஸ்டி90 போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதன் குழி பெரிது, சூடும் அதிகம் கேட்கும். 25 வாட் அயர்ன் இரண்டுக்குமே ஆகாது. சின்ன அயர்ன் என்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், விஷயம் தலைகீழ். தாமிரம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும், நீங்களும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள், கடைசியில் ஈயம் உருகுவதற்குள் நைலான் இளகிப் பின் சாய்ந்துவிடும். குறைந்தது 60 வாட், வெப்பம் கட்டுப்படுத்தும் வகை, 4-5 மிமீ அகல உளி நுனி, 380 முதல் 400 டிகிரி. குழி ஒன்றுக்கு மூன்று நான்கு நொடியில் வேலை முடிய வேண்டும்.

சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கும்போது செய்யுங்கள். ஆனால் எத்தனை சதவீதம் இருந்தாலும் பேக் உயிரோடுதான் இருக்கும், அதை அணைக்க முடியாது. மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். பழைய கனெக்டரை இரண்டு ஒயரோடும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் கட்டிங் பிளையரே ஷார்ட் ஆகிவிடும். முதலில் மைனஸ்ஸை வெட்டி, முனையில் டேப் சுற்றுங்கள். அப்புறம்தான் பிளஸ். வேலை நடக்கும்போதும் எந்த நேரத்திலும் ஒரு ஒயர் முனைதான் திறந்திருக்க வேண்டும்.

பிளஸ் ஒயரைக் கருகிய இடத்திலிருந்து 3-4 செமீ தள்ளி வெட்டுங்கள். உள்ளே கம்பி கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள், கறுத்த தாமிரத்தில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. 6 மிமீ தோல் உரித்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை இப்போதே ஒயரில் கோத்து, தூரத் தள்ளி விடுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பத்த வைத்ததைப் பிரித்து மறுபடி செய்வார்கள். கம்பி முனையில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), ரோசின் (ஈயம் பிடிக்க உதவும் பிசின்) உள்ளே இருக்கும் வகை.

புதிய கனெக்டரைப் பத்த வைக்கும்போது அதன் ஜோடியை மாட்டியே வைத்திருங்கள். நைலான் லேசாக இளகினாலும் பின் நேராக நிற்கும். அந்த ஜோடி எங்கும் ஒயர் இணைக்காத வெறும் கனெக்டராக இருக்கட்டும். குழியைப் பாதிக்குமேல் ஈயத்தால் நிரப்பி, அது உருகி நிற்கும்போதே ஒயரை இறக்கி, அயர்னை எடுத்தபின் அசையாமல் பிடியுங்கள். ஆறியதும் பளபளப்பாக, ஓரங்கள் கம்பியோடு வழுக்கிச் சேர்ந்தமாதிரி இருக்க வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது.

தட்டையான முனை பிளஸ், மூலை வெட்டிய முனை மைனஸ். உடம்பிலேயே குறி அச்சாகியிருக்கும். கன்ட்ரோலரில் மாட்டுமுன் மல்டிமீட்டரில் பாருங்கள். முழு சார்ஜில் 54.6 வோல்ட் வரும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தலைகீழாக மாட்டினால் கன்ட்ரோலரில் கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் அந்த நொடியே போய்விடும்.

கன்ட்ரோலர் பக்கப் பாதியையும் சேர்த்தே மாற்றுங்கள். அதன் பிளஸ் முள்ளும் அதே சூட்டைத்தான் வாங்கியிருக்கிறது. பழைய முள் தளர்ந்திருந்தால் புதிய கனெக்டரும் அதே வழியில் போகும்.

பொறி வருவது கன்ட்ரோலரில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் ஒரே நொடியில் நிரம்புவதால். நேரடிக் காரணம் அதுவல்ல, ஆனால் ஒவ்வொரு பொறியும் முள்ளின் நுனியில் சிறு குழி போடும், நாளாக ஆக அந்த இடத்தில் மின்தடை கூடும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இரண்டு நொடி தொட்டுவிட்டு மாட்டினால் பொறி வராது. சாவி ஆஃபில் இருக்க வேண்டும். எக்ஸ்டி90-எஸ் வகையில் இதே வேலைக்கான ரெசிஸ்டர் உள்ளேயே வருகிறது. எக்ஸ்டி90க்கு மாற நியாயமான காரணம் இது ஒன்றுதான்.

முறுக்குக்கம்பி:
மேலே சொன்னதோடு இரண்டு. கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கும் பேஸ்ட் எல்லாம் ரோசின் இல்லை, சிலதில் துத்தநாகக் குளோரைடு இருக்கும். பத்த வைக்கும்போது சுகமாக இருக்கும், மிச்சம் ஒயருக்குள் தங்கி, நாள்பட தாமிரத்தைப் பச்சையாக அரித்துவிடும்.

இன்னொன்று, அதிக நேரம் சூடு காட்டினால் ஈயம் தோலுக்கு அடியில் ஏறி, ஒயர் கட்டை மாதிரி விறைத்துவிடும். சைக்கிள் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் கம்பி ஒவ்வொன்றாக அறும். கனெக்டருக்கு 3-4 செமீ பின்னால் ஒயரை ஃபிரேமோடு டை போட்டுக் கட்டுங்கள். இழுவை கனெக்டருக்கு வரக்கூடாது.

முடித்தபின் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை, அதில் கரண்ட் அதிகம் ஓடாது. பத்து நிமிடம் மேட்டில் ஓட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்த இணைப்பை மறுபடி செய்யுங்கள்.

சங்கிலிப்பல்:
பேக்கைத் திறந்து பார்த்தேன். பி.எம்.எஸ். (செல்களைப் பாதுகாக்கும்) போர்டில் P- (வெளியே போகும் மைனஸ்) கறுப்பு ஒயர் ஆடுகிறது. ஓரத்தில் ஒரு செல்லின் நிக்கல் பட்டையும் விட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் பத்த வைத்துவிடலாமா?

ஈயக்கம்பி:
போர்டில் உள்ளதைச் செய்யலாம். பெரிய பேட், சூடு தாங்கும். P-யில் மட்டும்தான் வேலை என்றால் மற்ற எதையும் கழற்ற வேண்டாம். சுற்றியுள்ள செல்களைக் காய்ந்த அட்டையால் மூடிவிட்டுச் செய்யுங்கள். உருகிய ஈயத்துளி நிக்கல் பட்டைகளுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட்தான்.

B- ஒயரையும் (செல்களின் மைனஸ்ஸிலிருந்து போர்டுக்கு வருவது) எடுக்க வேண்டி வந்தால் வரிசை முக்கியம். முதலில் மெல்லிய ஒயர்கள் கொண்ட பேலன்ஸ் பிளக்கை உருவுங்கள், பிறகு B-. மாட்டும்போது B- முதலில், பேலன்ஸ் பிளக் கடைசியில். B- இல்லாமல் பிளக் மட்டும் மாட்டியிருந்தால் போர்டு தன் மைனஸ்ஸை அந்த மெல்லிய ஒயர்கள் வழியாகத் தேடும், ஐசி கருகிவிடும்.

செல்லில் அயர்ன் வைக்காதீர்கள். பிளஸ் மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் வளையம், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தடுப்புத் தாள். இரண்டுமே அந்தச் சூட்டில் கெடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 0.15 மிமீ நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள். ஒட்டுமுன் அந்தச் செல்லின் வோல்டேஜையும் அதே குழுவில் உள்ள மற்ற செல்களின் வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அப்படியே இணைக்கக்கூடாது. எந்தச் செல்லாவது 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் ஒட்டவே வேண்டாம், செல்லை மாற்ற வேண்டும்.

ஆறுமுனைச்சாவி:
ஃபியூஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. கார் கடையில் வாங்கும் பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட் ரேட்டிங். 54 வோல்ட் டி.சி.யில் அது உருகினாலும் நடுவே ஆர்க் (மின்பொறி) நின்று எரியலாம். 58 வோல்ட் என்று அச்சிட்ட பிளேடு ஃபியூஸ் கிடைக்கிறது, 25 அல்லது 30 ஆம்பியர் போதும். பிளஸ் ஒயரில், பேக்குக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே போடுங்கள். ஃபியூஸுக்கும் பேக்குக்கும் நடுவே உள்ள ஒயர் உரசி ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.