ஊடுருவலா, சுவறலா?

ஐயா, வணக்கம்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்கு 'ஊடுருவல்' என்ற சொல்லே போதும் என்று எழுதியிருந்தீர்கள். அமில மழை குறித்த கட்டுரையைத் தமிழாக்கத் தொடங்கியபோது நானும் அதைத்தான் போட்டேன். இப்போது அதில் மனம் ஒட்டவில்லை.

ஊடுருவுவது அம்பின் வேலை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். செய்தித்தாள் படிப்பவருக்கோ எல்லைக் காவல்தான் நினைவுக்கு வரும். 'கசிவு' இன்னும் பொருந்தாது. பானை கசியும், கண்மாய்க் கரை கசியும். இரண்டிலும் நீர் வெளியே வருகிறது. மண் நீரை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்வதற்குக் காரைக்குடிப் பக்கம் எங்களிடம் பழகிய சொல் ஒன்று இருக்கிறது: சுவறுதல். "பெய்ததெல்லாம் சுவறிவிட்டது, ஊருணிக்கு வரத்தே இல்லை." இந்த ஒரு வாக்கியத்தில் நீரியலின் பாதி அடங்கிவிடுகிறது. 1933இல் அமெரிக்க நீரியலாளர் ஹார்ட்டன் சொன்னதும் இதையொட்டியதே: நீர் சுவறும் வேகத்தை மழையின் வேகம் மிஞ்சினால், மிச்சம் சரிவில் ஓடும். ஆகவே சுவறல், சுவறல் வீதம், சுவறுதிறன் என்று வரிசையாக ஆக்கலாம்.

கட்டுரையிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தேன். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் தூய மழைநீரின் பிஹெச் மதிப்பே சுமார் 5.6தான் (இந்த எண் 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலத்தன்மை கூடும்). கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் கலந்தால் அது மேலும் இறங்கும். அந்த மழையின் ஹைட்ரஜன் அயனிகள், களித்துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பெயர்த்து வெளியேற்றுகின்றன. களியையும் மட்கையும் சேர்த்துப் பிடித்திருந்த கால்சியம் போனால் மண்கட்டிகள் உதிரும்; நுண்துகள்கள் மேற்பரப்புத் துளைகளை அடைக்கும். சமதளத்தில் நீர் தேங்கி நின்றாவது மெல்லச் சுவறும். சரிவில் அதற்கு அவகாசமே இல்லை. மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

ஆனால் எல்லா மண்ணுக்கும் இதுவே விதி என்று எழுதிவிடக் கூடாது. அமிலத்தில் கரைந்து வரும் அலுமினியம், சில மண்களில் களியைச் சிதறவிடாமல் திரட்டியும் வைக்கும். அமில மழை கடுமையாகப் பெய்த தென் சீனச் செம்மண் குன்றுகளைப் பற்றி எழுதும்போது இந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். நம் செம்புராங்கல் மேடுகளுக்கு அங்கே கண்டதை அப்படியே பொருத்தவும் கூடாது. நாம் தருவது சொல்லை மட்டுமே.

சுவறுதலுக்கு 'வற்றுதல்' என்ற பொருளும் உண்டே என்பது தங்கள் தடை. உண்மைதான். நீர் மேலே போவதற்கு 'ஆவியாதல்' உறுதியாக நிலைத்துவிட்டதால், கலைச்சொல்லாகச் சுவறலைக் கீழ்நோக்கி இறங்குவதற்கு மட்டும் ஒதுக்கலாம். எனக்குப் பெரிய கவலை பிறவினையில்தான். நீரைச் 'சுவற்றுதல்' என்று எழுதினால், 'சுவரில்' என்பதைச் 'சுவற்றில்' என்று எழுதும் பழைய பிழையோடு அது கலந்துவிடும். நாமே நீரை நிலத்துக்குள் இறக்குவதைச் சொல்லும் அந்த இடத்தில் மட்டும், வழக்கிலுள்ள 'செறிவூட்டல்' இருக்கட்டும்.

சுவறிய நீர் வேர்மண்டலத்தைத் தாண்டி ஆழத்துக்குப் போவதற்கும் தனிச்சொல் வேண்டும். 'கீழ்வடிதல்' என்று குறித்து வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. தங்கள் ஊரில் கிணறு வெட்டுபவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள்.